கோத்தகிரிப் பக்கம் பழைய பால்பண்ணைக் கட்டடம்: தன்னார்வலர்களை வைத்துச் சீரமைக்க எங்கிருந்து தொடங்குவது?

தொழுவத்துக்கல் கேட்டது:

வணக்கம். கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஏறத்தாழ 6000 அடி உயரத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் வெள்ளைக்காரர் காலத்துப் பால்பண்ணைக் கட்டடங்கள் மூன்று நிற்கின்றன. மாட்டுத் தொழுவம், குதிரை லாயம், தீவனக் கிடங்கு. தோட்டக்காரர் சம்மதித்துவிட்டார். பொருளும் ஓரளவு அவரே வாங்கித் தருவார். வேலைக்கு நாங்கள் 15 பேர், சனி ஞாயிறு மட்டும். பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் உடன் வருகிறார்.

முதலில் தொழுவத்தை எடுக்கலாம் என்றிருக்கிறோம். வெளி அளவு 40-க்கு 16 அடி. 18 அங்குலக் கருங்கல் சுவர், 9 அடி உயரம். உள்ளே மண் சாந்து, வெளியே கல்லிடைச் சந்துகளில் மட்டும் சுண்ணாம்பு. மேலே மங்களூர் ஓடு, அங்கங்கே ஒழுகல். மேட்டுப்பக்கச் சுவரில் யாரோ பிற்பாடு சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தச் சுவரின் உள்பக்கம் இடுப்பு உயரம் வரை ஈரமும் உப்பும். கிழக்குச் சுவர் நடுவில் சுமார் 3 அங்குலம் வயிறு தள்ளியிருக்கிறது. லாயத்துக்குத் தகரக் கூரை, கிடங்குக்கு ஆஸ்பெஸ்டாஸ்.

எதை முதலில் செய்வது? தன்னார்வலர்களிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது? சுண்ணாம்பும் ஓடும் எவ்வளவு வாங்குவது?

---

சரிவுநீர்:

சுவரைத் தொடுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். மேட்டுப்பக்கச் சுவரில் மட்டும் இடுப்பு உயரத்துக்கு ஈரம் என்றாலே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. மலைச்சரிவில் கட்டிய எந்தக் கட்டடத்துக்கும் பின்னால் வருஷா வருஷம் மண் சரிந்து சேரும். நூறு வருஷத்தில் வெளித்தரை உள்தரையைவிட ஒன்றிரண்டு அடி ஏறிவிடும். சுவர் அந்த மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது. வெளியே சிமெண்ட் அடைத்திருப்பதால் அந்தப் பக்கம் ஆவியாக வழியில்லை, உள்பக்கம் வந்து உப்பாகப் பூக்கிறது.

ஆகவே முதல் சில வாரங்கள் மண்வெட்டி வேலை மட்டும். பின்பக்க மண்ணை உள்தரை மட்டத்துக்குக் கீழே 8 அங்குலம் வரை இறக்குங்கள். மொத்த நீளத்தையும் ஒரே நாளில் தோண்ட வேண்டாம். 6 அடி தோண்டி, 6 அடி விட்டு, பிறகு விட்டதைத் தோண்டுங்கள். பழைய கட்டடத்துக்கு அஸ்திவாரம் ஆழமாக இருக்கும் என்று நம்பக் கூடாது. சில இடங்களில் இரண்டு அடிகூட இருக்காது. அடிக்கல் கண்ணில் பட்டால் அதற்குக் கீழே ஒரு கடப்பாரைகூடப் போகக் கூடாது. சுவரிலிருந்து 3 அடி தள்ளி வாய்க்கால் எடுத்து, 100 அடிக்கு ஒரு அடி வாட்டமாவது கொடுத்து, பள்ளத்துப் பக்கம் திருப்பிவிடுங்கள். சுவரை ஒட்டி சிமெண்ட் தளம் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். தளத்துக்கு அடியில் சிக்கும் ஈரம் நேராகச் சுவருக்குள் ஏறும். ஜல்லி பரப்பினால் போதும்.

ஜேசிபி வரவழைக்கும் ஆசை வரும். நீலகிரியில் அதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும். 15 பேர் இருக்கையில் அது தேவையுமில்லை, பழைய சுவருக்குப் பக்கத்தில் அந்த அதிர்வு ஆகவும் ஆகாது.

காலம்: கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. மண் வேலையை அதற்கு முன்பே முடித்தால், மழையில் வாய்க்கால் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு வேலை தை பிற்பாதி முதல் சித்திரை வரை. ஊட்டிப் பக்கம் தலைகுந்தா, சாண்டிநல்லா பள்ளங்களில் என்றால் உறைபனி நிற்கும்வரை, அதாவது மாசி வரை, காத்திருக்கச் சொல்வேன். பச்சைச் சாந்துக்குள் தண்ணீர் உறைந்தால் அது மாவாகத்தான் உதிரும். உங்கள் உயரத்தில் அந்தப் பயம் குறைவு, ஆனாலும் இரவுக் குளிர் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் கரணையை எடுக்க வேண்டாம்.

---

ஓட்டுக்கூரை:

கூரைக் கணக்கு சொல்கிறேன். 30 டிகிரி சாய்வு, தாழ்வாரம் இரண்டு பக்கமும் 2 அடி, முகப்புப் பக்கம் ஒன்றரை அடி வெளியே நீட்டல் என்று வைத்தால், ஒரு பக்கச் சரிவு பதினொன்றரை அடி, நீளம் 43 அடி. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 1000 சதுர அடி. மங்களூர் ஓடு 100 சதுர அடிக்குச் சுமார் 140 பிடிக்கும். ஆக 1400 ஓடு, முகட்டு ஓடு 40. ரீப்பர், அதாவது ஓடு உட்காரும் மரச்சட்டம், பக்கத்துக்கு 12 வரிசை, மொத்தம் 1050 ஓட்ட அடி. இருக்கும் ஓட்டில் எவ்வளவு தேறும் என்பது இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல ஓடு, மொத்தென்றால் உள்வெடிப்பு.

ஓட்டின் அடிப்பக்கம் முத்திரை இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்து அடுக்குங்கள். பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறித்தவ அமைப்பு மங்களூரில் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு வேறு பல கம்பெனிகளும் வந்தன. ஒவ்வொன்றின் அச்சும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். இரண்டு கம்பெனி ஓட்டை ஒரே வரிசையில் கலந்தால் பள்ளமும் மேடும் பொருந்தாது, காற்றோடு அடிக்கும் மழை அந்த இடுக்கில்தான் ஏறும். தேறிய பழைய ஓட்டையெல்லாம் ஒரு பக்கச் சரிவுக்கும், வாங்கியதை மறுபக்கத்துக்கும் வையுங்கள். ரீப்பர் இடைவெளியை எழுதிவைத்த கணக்கைப் பார்த்து அடிக்காதீர்கள். உங்கள் கையில் உள்ள ஓட்டில் பத்தைத் தரையில் கோத்து அடுக்கி, மொத்த நீளத்தை அளந்து வகுங்கள். வழக்கமாகப் பன்னிரண்டரை அங்குலம் வரும், கால் அங்குலம் முன்பின் இருக்கும். 12 வரிசையில் அந்தக் கால் அங்குலம் மூன்று அங்குலமாகிவிடும்.

இறக்கும்போது இதை மறக்காதீர்கள்: ஓடு ஒன்று இரண்டரை கிலோவுக்கு மேல், மொத்தக் கூரை மூன்றரை டன்னுக்குக் குறையாது. ஒரு பக்கத்தை முழுக்க உரித்துவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டால், பாரம் ஒருசாய்ந்து கைமரம் (கூரையின் சாய்வு மரம்) சுவரைத் தள்ளும். ஏற்கெனவே வயிறு தள்ளிய சுவர் வேறு. முகட்டிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் வரிசைக்கு வரிசை சமமாக இறங்குங்கள். அன்று மாலைக்குள் தார்ப்பாய் மூட முடிகிற அளவு மட்டும் பிரியுங்கள். பங்குனி, சித்திரையில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும், மண் சாந்துச் சுவரின் தலை திறந்து கிடந்தால் ஒரு மழை போதும்.

கூரைமேல் ஏறுவது ஆசாரியும் பழக்கப்பட்ட இரண்டு பேரும் மட்டும், இடுப்புக் கயிறோடு. மாணவர்கள் கீழே வரிசையாக நின்று கைமாற்றட்டும். ஓட்டைப் படுக்கப்போட்டு அடுக்காமல், விளிம்பில் நிறுத்தி, நான்கு வரிசை உயரத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். பாசியைத் தேங்காய்நார் பிரஷால் தேய்த்தால் போதும். பிரஷர் பம்ப் வைத்து அடித்தால் மேல்தோல் போய் ஓடு தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும்.

மரம்: கைமரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கெடுவது சுவரில் உட்காரும் கடைசி ஒன்றரை அடி. ஒரு கூர்மையான ஊசிக்கோலால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அதை வெட்ட வேண்டும். உளுத்த இடத்தைத் தாண்டி இன்னும் ஒரு அடி நல்ல மரத்துக்குள் வெட்டி, சரிவாகச் சீவி ஒட்டு போட வேண்டும். ஒட்டின் நீளம் மரத்தின் உயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு. 12 மில்லி கால்வனைஸ் போல்ட் மூன்று. புது நுனியைச் சுற்றி அரை அங்குலம் காற்றோட்டம் விட்டு உட்கார வையுங்கள், சாந்து வைத்து அடைத்தால் மறுபடி அதே இடத்தில்தான் உளுக்கும். புதுத் துண்டுக்கு மேட்டுப்பாளையம், கோவையில் வீடு பிரித்த பழைய தேக்கு, வேங்கை கிடைக்கும். காயாத கற்பூரமரம் (யூகலிப்டஸ்) காயும்போது முறுக்கிக்கொள்ளும். சில்வர் ஓக்கைப் பாரம் தாங்கும் இடத்தில் வைக்காதீர்கள், சொல்ல வேண்டியதே இல்லை, ஆனாலும் வைக்கிறார்கள்.

---

தொழுவத்துக்கல்:

நன்றி சார். மண்வெட்டி வேலையோடு தொடங்கிவிடுகிறோம். வெளிச் சந்துகளுக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்பதையும் யாராவது சொன்னால் நல்லது. கொத்தனார் ஐயா கடுக்காயும் வெல்லமும் கட்டாயம் வேண்டும் என்கிறார்.

---

நீற்றுத்தொட்டி:

இரண்டு முனையிலும் கூரைக்கடியில் வரும் முக்கோணச் சுவரைச் சேர்த்து, கதவு ஜன்னலைக் கழித்தால் வெளிமுகம் சுமார் 950 சதுர அடி. ஒழுங்கில்லாத கருங்கல் சுவரில் நான்கில் ஒரு பங்கு சந்து என்று வையுங்கள். ஒன்றேகால் அங்குல ஆழம் சுரண்டினால் 24, 25 கன அடி சாந்து. சிந்துவது சேர்த்து 27. ஒன்றுக்கு மூன்று என்ற கலவையில் சுண்ணாம்புக் களி (நீற்றிய சுண்ணாம்பு விழுது) மணலின் இடுக்குகளுக்குள் போய்விடும், அளவைக் கூட்டாது. ஆக மணல் 27 கன அடி, களி 9 கன அடி, அதாவது 250 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நல்ல சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் களி தரும். 150 கிலோ வாங்கினால் போதும், வெள்ளையடிக்கவும் மிஞ்சும்.

கடையில் பாக்கெட்டில் விற்கும் தூள் வேண்டாம். கட்டியாக, கையில் எடுத்தால் கனமில்லாமல் இருக்கும் சுட்ட சுண்ணாம்பு கேளுங்கள். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் சில நிமிஷத்தில் கொதித்து உடைய வேண்டும். சும்மா கரைந்தால் காற்றுபட்டு ஏற்கெனவே செத்த சுண்ணாம்பு.

நீற்றுவது, அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் களியாக்குவது: இரும்பு டிரம் அல்லது செங்கல் தொட்டி. பிளாஸ்டிக் டிரம் சூட்டில் நெளிந்துவிடும். முதலில் தண்ணீர், பிறகு சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக. மாற்றிச் செய்தால் கொதிக்கும் களி முகத்தில் தெறிக்கும். கிலோவுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர், நீளக் கம்பால் விடாமல் கிளற வேண்டும். நிற்கிற எல்லோருக்கும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கால் சட்டை. பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் தனியாக இருக்கட்டும். கண்ணில் பட்டால் கசக்காமல் 20 நிமிஷம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு. ஆறியதும் கொசுவலையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணுள்ள சல்லடையில் வடித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடிவையுங்கள். மூன்று வாரம் குறைந்தபட்சம், மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் நீற்றி வைத்தால் தைக்குக் கெட்டித் தயிர் போல ஆகிவிடும்.

மணலைக் கண்ணாடி ஜாடியில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஒரு ராத்திரி கழித்து மேலே படியும் வண்டல் மொத்த உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போனால் அலச வேண்டும். பூச்சுக்கென்று விற்கும் நைஸ் மணல் மட்டும் போட்டால் சாந்து சுருங்கி முடிவெடிப்பு விடும். பாதி கரடு வேண்டும்.

மேட்டுப்பக்கச் சுவருக்கு மட்டும் மணலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுச் சுர்க்கி போடுங்கள். கொஞ்சம் வேகாத செங்கல்லை இடித்து மாவாகச் சலித்தது. ஈரத்திலும் இறுகும். மூடுபனி நாளில் வெறும் சுண்ணாம்புச் சாந்து வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும்.

சந்து சுரண்டுவதுதான் உங்கள் 15 பேருக்கும் ஏற்ற வேலை. வளைந்த கம்பி, சின்ன உளி, கைப்பிரஷ். கிரைண்டர் கையில் கொடுக்காதீர்கள், கல் விளிம்பு போனால் திரும்பாது. சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழம், ஒரு அங்குலத்துக்குக் குறையாமல். உள்ளே மண் சாந்து தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தூசியை ஊதி, முந்தின மாலை ஒருமுறை, காலையில் ஒருமுறை தண்ணீர் தெளியுங்கள், மண் கரையும் அளவுக்குக் குழாய் பிடிக்காதீர்கள். சாந்தை உள்ளே இறுக்கித் திணித்து, கல் முகத்துக்குச் சற்று உள்வாங்கி முடியுங்கள். கட்டைவிரல் நகம் லேசாகப் பதியும் பக்குவம் வந்ததும் கட்டைப் பிரஷால் குத்திவிட்டால் முகம் திறந்து காற்று போகும். இதை விட்டுவிட்டுக் கரணையால் வழவழவென்று தேய்ப்பவர்களிடமிருந்து பிரஷைத் தவிர எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். ஈரச் சாக்கு பத்து நாள் தொங்கட்டும்.

கடுக்காய், வெல்லம்: போட்டால் தப்பில்லை. சாந்து வழுவழுப்பாக, கையாள எளிதாக வரும். ஐயா பழகிய அளவிலேயே போடட்டும்.

இன்னொன்று, லாயத்துத் தகரத்தில் பச்சைச் சுண்ணாம்பு படாமல் மூடிவையுங்கள். ஈரச் சுண்ணாம்பு துத்தநாகப் பூச்சை அரித்துவிடும்.

---

தூக்குக்குண்டு:

கடுக்காயில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. வெல்லம் அதிகமானால் உங்கள் உயரத்துக் குளிரில் இறுக்கம் இன்னும் தள்ளிப்போகும், மேலே கறுப்புப் பூஞ்சையும் பிடிக்கும். ஐயாவின் கைப்பக்குவம் சமவெளி வெயிலில் பழகியதா, மலையில் பழகியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சதுர அடியில் கடுக்காயோடு ஒன்று, இல்லாமல் ஒன்று பூசி ஒரு மாதம் விட்டுப் பார்த்தால் வாதமே வேண்டாம்.

நான் எழுத வந்தது கிழக்குச் சுவருக்காக. 18 அங்குலக் கல் சுவர் என்பது உள்ளே ஒரு முகம், வெளியே ஒரு முகம், நடுவில் சில்லும் மண்ணும். சுவரின் தலையில் தண்ணீர் இறங்கினால் நடு மண் கரைந்து கீழே போய்த் தேங்கி, வெளிமுகத்தைத் தள்ளும். சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். டொக்கென்று வெற்றொலி எங்கெங்கே வருகிறதோ சாக்கட்டியால் கோடு போடுங்கள். அந்த வட்டம்தான் இரண்டு முகமும் பிரிந்த இடம். தூக்குக்குண்டு கட்டி அடிக்கு ஒரு அளவு எழுதி, விரிசலின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து இடைவெளியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறியுங்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனால் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் பார்க்காமல் யாரும் அந்தச் சுவருக்கு 10 அடிக்குள் போகக் கூடாது.

நகராமல் இருந்தால், கூரைப் பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வயிறு தள்ளிய பகுதியை மட்டும் மேலிருந்து பிரித்துக் கட்டலாம். பிரிப்பதற்கு முன் நேராக நின்று போட்டோ எடுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் சாக்கட்டியால் எண் போட்டு, தரையில் அதே வரிசையில் பரப்புங்கள். போட்டோவில் எண் எழுதுவது, கல் பரப்புவது மாணவர்களுக்கு நல்ல வேலை. திரும்பக் கட்டும்போது பழைய சுவரில் இல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும்: சுவரின் முழு அகலத்துக்கும் ஓடும் கட்டுக்கல். உயரத்தில் 2 அடிக்கு ஒரு வரிசை, பக்கவாட்டில் 4 அடிக்கு ஒன்று, மேல்வரிசைக் கல் கீழ்வரிசைக் கல்லுக்கு நேராக வராமல் தள்ளி. பெரும்பாலும் இந்தக் கல் போதாததால்தான் வயிறு தள்ளுகிறது.

துளை போட்டுச் சாந்துக் கூழ் ஊற்றினால் போதும் என்று யாராவது சொன்னால், அது சுண்ணாம்பு வைத்துக் கட்டிய சுவருக்கு. மண் சாந்துச் சுவரில் ஊற்றும் தண்ணீரே மிச்ச மண்ணையும் கரைத்து முகத்தைத் தள்ளிவிடும்.

நேரம் கிடைத்தால் எல்லோரையும் கன்னேரிமுக்கு பெத்தக்கல் பங்களாவுக்குக் கூட்டிப்போங்கள். 1819-இல் மலையேறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் தங்கிய இடம், சிதிலமாகிக் கிடந்து பிற்பாடு சீரமைத்தது. உங்களுக்குப் பக்கம்தான்.

---

கிடங்குச்சாவி:

ஆஸ்பெஸ்டாஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தக் கிடங்கைத் தன்னார்வலர் வேலையிலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். உடைப்பது, துளையிடுவது, பாசியைத் தேய்ப்பது மூன்றும் கூடாது, நார் காற்றில் பறக்கும். பிரிக்கிற அன்று அதற்கென்று வரும் ஆட்கள் நனைத்து, முழுத் தகடாக இறக்கி, கனமான பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துப்போக வேண்டும். சாதாரணத் துணி முகமூடி இதற்கு உதவாது. பழைய கதவு ஜன்னல் பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி உப்புத்தாள் போடாமல், நனைத்துத் தேயுங்கள்.

பூட்டிக் கிடந்த கட்டடத்துக்குள் போகும் முதல் நாள் காலையில், வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, இரண்டு கதவையும் திறந்து தகரத்தைத் தட்டிச் சத்தம் கொடுத்துக் காத்திருங்கள். கோத்தகிரியில் கரடி ஒதுங்குவது சாதாரணம், சிறுத்தையும் உண்டு. எச்சமோ நகக்கீறலோ பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கூகை கூடு இருந்தால் குஞ்சு பறக்கும்வரை அந்த மூலையை விடுங்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆந்தைகளும் வரும். சுவரை ஒட்டிய மரத்தை வெட்டவும் 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சுவருக்குள் வேர்விட்ட செடியைப் பிடுங்காதீர்கள், கல்லோடு வரும். அடியில் அறுத்து, காயவிட்டு, அந்த இடத்தைப் பிரிக்கும்போது எடுங்கள்.

தோட்டக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும், எந்தெந்தக் கட்டடம், என்னென்ன வேலை என்று. எல்லோருக்கும் குழு விபத்துக் காப்பீடு. சமவெளியிலிருந்து வண்டியில் வருபவர்களுக்கு இ-பாஸ், 2024 மே முதல் அது இருக்கிறது. கொத்தனார் ஒருவருக்கு ஐந்து பேருக்கு மேல் பார்க்க முடியாது. 15 பேரையும் ஒரே சுவரில் நிறுத்தாமல் மூன்றாகப் பிரித்து, சுரண்டல், ஓடு கழுவல், வாய்க்கால் என்று மாற்றி மாற்றி விடுங்கள்.

---

தொழுவத்துக்கல்:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. மேட்டுப்பக்கச் சிமெண்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிடலாமா?

---

நீற்றுத்தொட்டி:

தட்டிப் பார்த்து வெற்றொலி வருகிற இடத்தில் விளிம்பிலிருந்து தட்டை உளியைப் படுக்க வைத்து நெம்பினால் பலகை பலகையாக வந்துவிடும். அதை எடுங்கள். கல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிற இடத்தை விடுங்கள், அடித்தால் கல் முகம் பெயரும், உள்ளே மண் சாந்தும் அதிர்ந்து உதிரும். அடியிலிருந்து 3 அடி உயரம் திறந்துவிட்டாலே ஈரம் வெளியேற வழி கிடைத்துவிடும்.

எடுத்த உடனே சந்து பூச வேண்டாம். வாய்க்கால் முடிந்து, ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். உள்பக்கம் பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் துடைத்து, முறத்தில் பிடித்து வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் திரும்ப உள்ளேதான் போகும். பூப்பது குறைந்த பிறகு சுர்க்கிச் சாந்து, அதற்கு மேல் உள்ளே வெளியே இரண்டிலும் நீர்த்த சுண்ணாம்பு வெள்ளை, பால் பதத்தில் மெல்லிசாக நான்கைந்து கை. ஒவ்வொரு கைக்கும் முன் சுவரை நனைத்து, ஒரு நாள் இடைவெளி விட்டு. எமல்ஷன் வாங்கிக்கொடுக்க யாராவது முன்வந்தால் அந்தக் காசுக்கு ரீப்பர் வாங்கச் சொல்லுங்கள்.